டார்க் மோட் எக்ஸ்டென்ஷனில் நிறம் கெட்டால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

டார்க் மோட் போட்ட பிறகு திரை மஞ்சளாகத் தெரிகிறது. அரக்கு நிறப் புடவை பழுப்பாகத் தெரிகிறது. கேப்ட்சா எழுத்தையே காணோம். சேலத்துக் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார்கள் இவை. பழி எப்போதும் எக்ஸ்டென்ஷன் மேல்தான், அதாவது இணையப் பக்கங்களைக் கறுப்பாக்கப் பிரவுசரில் சேர்த்த துணை மென்பொருள் மேல்தான் விழும். தேடிப் பார்த்தால் பல நேரம் விண்டோஸ் செட்டிங், சில நேரம் மானிட்டர் கேபிள்.

அதிகம் பேர் பயன்படுத்துவது டார்க் ரீடர் என்பதால் பெயர்களும் ஷார்ட்கட்களும் அதை வைத்தே சொல்லப்படுகின்றன. வேறு எக்ஸ்டென்ஷன் என்றாலும் பார்க்கும் வரிசை இதேதான். பட்டன்கள் இருக்கும் இடம் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் மாறும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஸ்லைடர்களைத் தொடாதீர்கள். நிறம் எந்த அடுக்கில் கெடுகிறது என்று தெரியாமல் நகர்த்த ஆரம்பித்தால், ஒரு கோளாறை இன்னொன்றால் மறைத்ததாகிவிடும். பிறகு இரண்டையும் தேட வேண்டியிருக்கும்.

1. ஆல்ட் + ஷிஃப்ட் + டி அழுத்தி எக்ஸ்டென்ஷனை மொத்தமாக அணையுங்கள். சாயம் போய்விட்டால் கோளாறு எக்ஸ்டென்ஷனுக்குள்ளேதான்.
2. போகவில்லையா? நோட்பேடைத் திறந்து வெற்றுப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளை வெள்ளையாக இருந்து பிரவுசரில் மட்டும் மஞ்சள் என்றால் பிரவுசர் அல்லது கலர் புரொஃபைல் (மானிட்டரின் நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கோப்பு).
3. நோட்பேடும் மஞ்சள் என்றால் விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புங்கள். போனில் இருக்கும் கண் பாதுகாப்பு மோடை முதலில் அணைத்துவிட்டுப் பாருங்கள். படம் போனில் சரியாகத் தெரிந்தால் நைட் லைட் (திரையை மஞ்சளாக்கும் விண்டோஸ் வசதி), மானிட்டர், கேபிள் மூன்றில் ஒன்று.
4. மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனுவின் வெள்ளை எழுத்து சுத்தமாக இருந்து, பின்னால் தெரியும் படம் மட்டும் சாயமாக இருந்தால் மானிட்டர் பேனலில் பழுதில்லை. கேபிளையோ கம்ப்யூட்டரையோ பார்க்க வேண்டும்.

இந்த நாலையும் பார்த்துவிட்டுக் கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## எல்லாத் தளங்களும் மஞ்சளாக, பழுப்பாக

### எக்ஸ்டென்ஷனை அணைத்தால் சரியாகிறது

எக்ஸ்டென்ஷனில் பழுப்புச் சாயம் ஏற்றும் செபியா ஸ்லைடர் ஏறியிருக்கும். அதை 0-க்குக் கொண்டுவாருங்கள். கண்ணுக்கு இதமாக லேசான வெதுவெதுப்பு வேண்டும் என்று நீங்களே ஏற்றியிருந்தால் 10 முதல் 15 வரை போதும். 30-ஐத் தாண்டினால் எழுத்து பழுப்பாகி, லிங்குகளின் நீலம் மங்கிவிடும். எது லிங்க், எது சாதா எழுத்து என்று பிரித்தறிய முடியாது.

செபியா 0-தான், ஆனாலும் மஞ்சள் என்றால் நிறங்கள் பகுதியில் எழுத்து நிறத்தைப் பாருங்கள். யாரோ அங்கே கிரீம் நிறம் தேர்ந்தெடுத்து விட்டிருப்பார்கள். பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் இது சகஜம். தானியங்கி நிலைக்கு மீட்கும் பட்டனை அழுத்தினால் போதும்.

### எக்ஸ்டென்ஷனை அணைத்தாலும் போகவில்லை

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, நைட் லைட். அணைத்துப் பாருங்கள். நைட் லைட்டும் செபியாவும் ஒன்றாக ஓடினால் மஞ்சளின் மேல் மஞ்சள் ஏறும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண் வலிக்காக என்றால் நைட் லைட்டே மேல்: எல்லா மென்பொருளுக்கும் ஒரே அளவில் பொருந்தும், அணைத்ததும் சுவடில்லாமல் போய்விடும்.

அடுத்தது மானிட்டரின் சொந்த மெனு. லோ புளூ லைட், ரீடிங், வார்ம் என்று ஏதாவது ஒன்றில் நிற்கும். கலர் டெம்பரேச்சரை 6500 கெல்வினுக்கோ, நார்மல் என்ற இடத்துக்கோ மாற்றுங்கள்.

### பிரவுசரில் மட்டும், எக்ஸ்டென்ஷன் இல்லாமலே

விண்டோஸ் அப்டேட்டோடு வந்து உட்கார்ந்த மானிட்டர் கலர் புரொஃபைல் காரணமாக இருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கும் புரொஃபைலை நீக்கிவிட்டுப் பிரவுசரை மூடித் திறங்கள். குரோமில் மட்டும் சோதிக்க, சோதனை வசதிகள் இருக்கும் ஃபிளாக்ஸ் பக்கத்தில் ஃபோர்ஸ் கலர் புரொஃபைல் என்பதை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான புரொஃபைலுக்கு மாற்றிப் பார்க்கலாம். அதில் சரியானால் புரொஃபைல்தான் காரணம். உறுதியான பிறகு ஃபிளாக்கைப் பழையபடி வைத்துவிடுங்கள். அது சோதனைக்கு மட்டும்.

### ஸ்கிரீன்ஷாட் சரி, மெனு சரி, படம் மட்டும் சாயம்

பழைய மானிட்டர்களில் இருக்கும் 15 பின் விஜிஏ கேபிளைச் சந்தேகப்படுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனி பின்னில் போகின்றன. நீலப் பின் தொடர்பு விட்டால் திரை மஞ்சள். பச்சை விட்டால் மஜெந்தா, அதாவது கத்தரிப்பூ கலந்த ரோஸ். சிவப்பு விட்டால் நீலப்பச்சை. வெள்ளைப் பக்கத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். டார்க் மோடில் கறுப்புக்குள் ஒளிந்துகொண்டு எழுத்தில் மட்டும் சாயமாகத் தெரிவதால்தான் எக்ஸ்டென்ஷன் கோளாறு என்று தோன்றுகிறது.

கம்ப்யூட்டரை அணைத்து, இரு முனையையும் கழற்றி, பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கவனம்: விஜிஏ முனையில் 9-ம் பின் இல்லாமலே வருவது சாதாரணம். அது உடைந்ததில்லை. வளைந்த பின்னை மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தி, முனையை நேராகச் செருகி, இரு பக்கத் திருகையும் இறுக்குங்கள். ஏற்காட்டில் மழைக்காலப் பனிமூட்டத்தில் ஜன்னலோரம் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பின்கள் பச்சை பூக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். அப்படியும் கேபிளை ஆட்டினால் நிறம் மாறுகிறது என்றால் புதுக் கேபிள்தான். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

### எப்போது மெக்கானிக்கிடம்

புதுக் கேபிள் போட்டும் சாயம் நிற்கிறது என்றால், மானிட்டரை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே சரி என்றால் கிராபிக்ஸ் போர்ட் (கம்ப்யூட்டரில் கேபிள் செருகும் இடம்), அங்கேயும் சாயம் என்றால் மானிட்டர் போர்டு அல்லது பேனல். எதை எடுத்துப் போவது என்று தெரிந்த பிறகே சர்வீஸ் கடைக்குப் போங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி மானிட்டரைக் கொண்டுபோய், பழுது சிபியூவில் என்று தெரிந்தால் அந்த நாள் போச்சு. பழைய எல்சிடி மானிட்டரில் பேனலே போயிருந்தால் சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவது பெரும்பாலும் லாபம்.

## கறுப்பு கறுப்பாக இல்லை: நீலம் அல்லது பச்சை தட்டுகிறது

டார்க் ரீடரின் இயல்பான பின்னணி சுத்தக் கறுப்பு இல்லை. சிவப்பு 24, பச்சை 26, நீலம் 27 கலந்தது. நல்ல மானிட்டரில் அந்தச் சின்ன வித்தியாசம் தெரியாது. விலை குறைந்த பேனலில், அதுவும் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால், நீலம் தட்டும்.

நிறங்கள் பகுதியில் பின்னணிக்கான பெட்டியில் #181818 என்று கொடுங்கள். மூன்று நிறமும் சமம் என்பதால் சாயம் இருக்காது. இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டுமானால் #191715. செபியாவை ஏற்றுவதைவிட இது நல்ல வழி, ஏனென்றால் பின்னணி மட்டும் மாறும், எழுத்தும் லிங்கும் தப்பிக்கும். #000000 கொடுக்க ஆசை வரும். அமோலெட் திரையில் சுத்தக் கறுப்பு வைத்து வேகமாக ஸ்க்ரோல் செய்தால் எழுத்துக்குப் பின்னால் ஊதா இழுவை தெரியும். #121212 அளவில் நிறுத்துங்கள்.

பின்னணியை மாற்றியும் ஒரு தளம் மட்டும் கருநீலமாகவே இருக்கிறதா? அந்தத் தளத்தின் அசல் பின்னணி வெளிர்நீலமாக இருக்கும். பக்கத்தை இருட்டாக்க எக்ஸ்டென்ஷனில் இருக்கும் முறைகளில் ஒன்றான டைனமிக் மோட் நிறத்தின் வகையை விடாமல் இருட்டாக்கும், அதனால் வெளிர்நீலம் கருநீலமாகும், வெளிர்பச்சை கரும்பச்சையாகும். இதற்குப் பொதுச் செட்டிங்கைத் தொட வேண்டாம். இந்தத் தளத்துக்கு மட்டும் என்ற பட்டனை அழுத்திவிட்டு, நிறத்தைக் குறைக்கும் கிரேஸ்கேல் ஸ்லைடரை 40 முதல் 60 வரை ஏற்றுங்கள்.

## புடவை, நகைப் படங்களின் நிறம் மாறித் தெரிகிறது

சேலத்தில் பணம் நஷ்டமாகும் ஒரே அறிகுறி இதுதான். அம்மாபேட்டை, குகை பக்கம் பட்டு வியாபாரம் செய்பவர்கள் வாட்ஸ்அப் வெப்பிலும் ஆன்லைன் கடையிலும் படம் பார்த்தே ஆர்டர் முடிக்கிறார்கள். வாடிக்கையாளர் அனுப்பிய அரக்கு, உங்கள் திரையில் காப்பிப்பொடி நிறமாகத் தெரிந்தால் தறியில் ஏறுவதே வேறு நிறமாகிவிடும்.

### மோட் என்ன என்று பாருங்கள்

ஃபில்டர் மோடில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த மோட் முழுப் பக்கத்தையும் தலைகீழாக்கிவிட்டு, படங்களை மட்டும் மறுபடி திருப்பும். போய்வரும் வழியில் அழுத்தமான சிவப்பும் நீலமும் முழுதாகத் திரும்பி வராது. அரக்கு, மயில்கழுத்து, ராமர் பச்சை மூன்றும் முதலில் அடிபடும். தவிர, செபியா, கான்ட்ராஸ்ட் என்று நீங்கள் நகர்த்தியது எல்லாம் படத்தின் மேலும் விழும். செபியா 15 இருந்தாலே சேலம் வெண்பட்டு வேட்டி துவைக்காத வேட்டி மாதிரி தெரியும்.

டைனமிக் மோடுக்கு மாற்றுங்கள். அது பக்கத்தில் போடப்பட்ட போட்டோக்களை அப்படியே விட்டுவிடும். பின்னணியாக ஒட்டப்பட்ட படங்களை மட்டும் சில நேரம் மங்கலாக்கும். கடைத் தளத்தின் மேலே ஓடும் பேனர் மங்கித் தெரிய அதுதான் காரணம், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

### டைனமிக்கில் இருந்தும் மாறித் தெரிகிறது

நைட் லைட்டை அணையுங்கள். அப்புறம் ஆல்ட் + ஷிஃப்ட் + ஏ அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் எக்ஸ்டென்ஷனை அணையுங்கள். நிறம் முடிவு செய்யும் தளங்களில் அதை நிரந்தரமாகவே அணைத்து வைப்பது நல்லது. போட்டோவின் நிறம் மாறாவிட்டாலும், சுற்றிலும் கறுப்பு இருந்தால் கண்ணுக்கு அது அசலைவிட வெளிச்சமாகத் தெரியும். சந்தன நிறமா, அரை வெள்ளையா என்று அந்த நிலையில் சொல்ல முடியாது.

அணைத்தும் நிறம் பொருந்தவில்லை என்றால் போட்டோ எடுத்த வெளிச்சத்தில் கோளாறு. எந்த எக்ஸ்டென்ஷனும் அதற்குப் பொறுப்பில்லை. நிறத்தை நூல் சாம்பிள் அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

### கொலுசுப் படத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு

பின்னணி வெட்டிய பிஎன்ஜி படத்தில், வெட்டும்போது விளிம்பில் தங்கிய வெள்ளை அது. வெள்ளைப் பக்கத்தில் ஒளிந்திருந்தது, கறுப்பில் வெளியே வந்துவிட்டது. எக்ஸ்டென்ஷனில் சரிசெய்ய ஒன்றுமில்லை. படத்தை வெட்டியவரிடம் ஒரு பிக்சல் உள்ளே தள்ளி மறுபடி வெட்டச் சொல்லுங்கள்.

## கேப்ட்சா, கையெழுத்து, லோகோ மறைந்துவிடுகிறது

பின்னணி இல்லாத படத்தில் கறுப்பு எழுத்து. பக்கம் கறுப்பானதும் கறுப்பில் கறுப்பு. ஸ்கேன் செய்து பிஎன்ஜி ஆக்கிய கையெழுத்தும் இப்படித்தான் காணாமல் போகும். பதிவேறவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை ஏற்றுவார்கள்.

உடனடி வழி ஆல்ட் + ஷிஃப்ட் + ஏ. விண்ணப்பம் நிரப்பும் தளங்கள், வங்கித் தளங்கள் எல்லாவற்றையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள். இ-சேவை மையம் நடத்துபவர்கள் ஒருபடி மேலே போய், பட்டியலில் உள்ள தளங்களில் மட்டும் ஓடு என்று மாற்றி வைத்தால் நிம்மதி. படிக்கும் தளங்களை மட்டும் பட்டியலில் சேர்த்தால் போதும், விண்ணப்பத் தளங்கள் தானாகத் தப்பிவிடும்.

அணைக்க மனமில்லை, தினமும் அதே தளத்தில் வேலை என்றால் டெவலப்பர் கருவியில் அந்தத் தளத்துக்கு ஒரு திருத்தம் எழுதலாம்: முதலில் தளத்தின் முகவரி, கீழே இன்வர்ட் என்ற தலைப்பு ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதற்குக் கீழே படத்தின் செலக்டர் (பக்கத்தின் கோடில் அந்தப் படத்தைச் சுட்டும் பெயர்). செலக்டரைப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, இன்ஸ்பெக்ட் போய் காப்பி செய்யலாம். தளத்தின் அமைப்பு மாறினால் திருத்தம் வேலை செய்யாது, மறுபடி எழுத வேண்டும். எனவே ஒன்றிரண்டு தளங்களுக்கு மேல் இதில் இறங்காதீர்கள்.

பிரின்ட் எடுக்கும்போது: டார்க் ரீடர் பெரும்பாலும் திரையை மட்டும் மாற்றும். சில எக்ஸ்டென்ஷன்கள் அச்சையும் கறுப்பாக்கிவிடும். பிரின்ட் பிரிவ்யூவைப் பார்க்காமல் ஓகே கொடுக்காதீர்கள். பக்கம் கறுப்பாக இருந்தால் எக்ஸ்டென்ஷனை அணைத்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். பேக்கிரவுண்ட் கிராபிக்ஸ் டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு முழுக் கறுப்புப் பக்கம் தின்னும் டோனரில் நிறைய சான்றிதழ் அடிக்கலாம்.

## ஒரு தளம் மட்டும் அலங்கோலம்

ஏற்கெனவே டார்க் தீம் உள்ள தளமாக இருக்கும். செட்டிங்ஸில் டார்க் தீமைக் கண்டறியும் வசதியை இயக்குங்கள். அது அங்கே எக்ஸ்டென்ஷனைத் தானாக ஒதுக்கும். ஒதுங்கவில்லை என்றால் தளத்தின் டார்க் தீம், எக்ஸ்டென்ஷன் இரண்டில் ஒன்றைக் கையால் அணையுங்கள்.

எல்லாத் தளமும் கொஞ்சம் கொஞ்சம் அலங்கோலம், படங்கள் நெகட்டிவ் மாதிரி தெரிகின்றன என்றால் இரண்டு டார்க் மோட் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் இன்னொன்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குரோமின் ஃபிளாக்ஸ் பக்கத்தில் ஆட்டோ டார்க் மோட் ஃபார் வெப் கன்டென்ட்ஸ் என்பதை டிஃபால்ட்டுக்கு மாற்றிப் பிரவுசரை மறுபடி தொடங்குங்கள்.

பொதுச் செட்டிங்கை மாற்றியும் ஒரு தளம் அசையவில்லை என்றால், அதற்குத் தனிச் செட்டிங் பதிந்திருக்கிறது. தளத்தின் தனிச் செட்டிங்தான் ஜெயிக்கும்.

## தமிழ் எழுத்து அடைத்துக்கொள்கிறது, ஓரத்தில் நிறம் தெரிகிறது

கறுப்பில் பளீர் வெள்ளை வைத்தால் தமிழ் எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். ண, ன வித்தியாசம் தெரியாமல் போவது முதல் அடையாளம். கான்ட்ராஸ்டை 85-க்கு இறக்குங்கள். எழுத்துருப் பகுதியில் டெக்ஸ்ட் ஸ்ட்ரோக் 0-வில் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு அழகாகத் தெரிகிறதே என்று ஏற்றி வைத்தால் தமிழ்ச் சுழி அடைந்துவிடும்.

எழுத்தோரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு தெரிந்தால் எக்ஸ்டென்ஷனை விடுங்கள். விண்டோஸில் கிளியர்டைப் என்று தேடி, அந்தச் சரிசெய்யும் கருவியை ஓட்டி, ஒவ்வொரு திரையிலும் தெளிவாகத் தெரியும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் அதன் அசல் ரெசல்யூஷனில் இல்லாவிட்டால் இந்தக் கருவியால் பயனில்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

## சாயம் சாயங்காலத்தில் மட்டும் வருகிறது, அல்லது வர வேண்டிய நேரத்தில் வரவில்லை

நைட் லைட்டின் அட்டவணையில் நேரம் குறிப்பிடும் முறை இயல்பாக இரவு 9 முதல் காலை 7 வரை. சாயம் மிகச் சரியாக 9 மணிக்கு ஏறினால் அதுதான்.

எக்ஸ்டென்ஷனில் தானியங்கிப் பகுதியில் சூரிய அஸ்தமனத்தை வைத்து ஓட்டினால் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கும். சேலத்துக்கு அட்சரேகை 11.66, தீர்க்கரேகை 78.15. ஏற்காட்டுக்கு 11.78, 78.20, இரண்டுக்கும் சூரியன் மறைவதில் பெரிய வித்தியாசமில்லை, எதைப் போட்டாலும் சரி. மாற்றிப் போடுவதுதான் தவறு. 78.15-ஐ அட்சரேகையாகக் கொடுத்தால் நீங்கள் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் இருப்பதாக எக்ஸ்டென்ஷன் கணக்குப் போடும். அங்கே கோடையில் சூரியன் மறையாது, எனவே மே, ஜூன், ஜூலையில் டார்க் மோட் வரவே வராது. டிசம்பரில் பட்டப்பகலிலும் போகாது. ஏப்ரல் வரை ஓடியது, திடீரென நின்றுவிட்டது என்றால் இந்த இரண்டு எண்ணையும் முதலில் பாருங்கள்.

## சில பக்கங்கள் மாறவே இல்லை

பிரவுசரின் சொந்தச் செட்டிங் பக்கங்களிலும் எக்ஸ்டென்ஷன் ஸ்டோர் பக்கங்களிலும் எந்த எக்ஸ்டென்ஷனும் கைவைக்க முடியாது. பிரவுசரின் பாதுகாப்பு ஏற்பாடு அது. கம்ப்யூட்டரில் சேமித்த கோப்புகளுக்கு, எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் ஃபைல் யுஆர்எல் அனுமதி கொடுக்க வேண்டும். இன்காக்னிட்டோவுக்குத் தனி அனுமதி. பிடிஎஃப் கோப்புகளுக்கு எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸில் தனி டிக் உண்டு. அதில் முழுப் பக்கமும் தலைகீழாகும், உள்ளே இருக்கும் போட்டோவும் சேர்ந்து நெகட்டிவாகும்.

ஆண்ட்ராய்டு போனில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்காது. ஃபயர்பாக்ஸில் போடலாம்.

## நிறம் சரி, பிரவுசர் நகரமாட்டேன் என்கிறது

4 ஜிபி ரேம் கம்ப்யூட்டரில் நீளமான பக்கங்களில் டைனமிக் மோட் திணறும். அந்தத் தளத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக் மோட் வையுங்கள். வேகம் வரும், பதிலுக்கு எல்லா நிறமும் ஒரே மாதிரி தட்டையாகும், சில பட்டன்களின் எல்லை தெரியாது. ஃபில்டர் மோடுக்குப் போனால் புடவைப் பிரச்சினை திரும்பி வரும்.